பிக் பாஸ் வீடும் பளிக்கறை மண்டபமும்

சென்ற இதழில் பௌத்தக் காப்பியமான மணிமேகலை பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ராத்திரி நாம் பார்க்கிற ரியாலிட்டி ஷோவைப் பற்றிக்கூட பௌத்தத்துக்குச் சொல்ல விஷயம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். அது என்ன விஷயம், சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். சரி. மாமியார், வீவக அடுக்குமாடி வீடு, பிள்ளைகளின் தேர்வு எல்லாவற்றையும் இந்த ஒரு தடவை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். (மாமியார் எப்படியும் வந்துவிடுகிறார், பாருங்கள்.)

கேள்வி: அக்கா, நான் இந்துதான். ஆனால் இரண்டு வருடமாக விசாக தினத்தன்று என் சிங்களத் தோழியோடு செயின்ட் மைக்கேல்ஸ் சாலை விகாரைக்குப் போய், வெள்ளை உடுத்தி, எட்டு சீலம் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில், பிக் பாஸ் சீசன் வந்துவிட்டால், மாமியாரும் நானும் ராத்திரி உட்கார்ந்துவிடுவோம். இந்தியாவில் ஒன்பதரை என்றால் சிங்கப்பூரில் நமக்கு நள்ளிரவு. ஒரு போட்டியாளரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படுத்த பிறகும் மனசுக்குள் அவளோடு வாக்குவாதம் நடக்கிறது. காலையில் ஆறேகால் எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டும். "விசாகத்துக்கு வெள்ளை, ராத்திரிக்குச் சண்டையா?" என்று கணவர் கேலி செய்கிறார். இது பாவமா?
பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், தங்கச்சி. குடும்பஸ்தர்களுக்குப் பௌத்தம் தினப்படிக்கு வைத்திருப்பது ஐந்து சீலம்: கொல்லாமை, திருடாமை, தவறான காமம் கூடாது, பொய் கூடாது, போதை கூடாது. இதில் டிவி எங்கும் வரவில்லை. நீங்கள் விசாகத்தன்று எடுக்கிற எட்டில்தான் ஏழாவதாக ஆட்டம், பாட்டு, இசை, வேடிக்கை பார்ப்பது, மாலை, வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிறது. அது அந்த ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்ட விரதம். ஆடி வெள்ளிக்கு அசைவம் தொடாதவர் சனிக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி சாப்பிட்டால் யாரும் கேட்பதில்லையே. வீட்டுக்காரர் கேலியில் பாதி அதோடு காலி.

மீதிப் பாதிக்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. புத்தர் காலத்தில் தாலபுடர் என்று ஒரு கூத்துக் குழுத் தலைவர் இருந்தார். அவர் புத்தரிடம் வந்து கேட்டார்: "மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து ஜனங்களைச் சிரிக்கவைக்கிற கூத்தன், செத்த பிறகு சிரிக்கும் தேவர்களோடு போய்ப் பிறப்பான் என்று எங்கள் பழைய ஆசான்கள் சொல்வார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" புத்தர், அதை என்னிடம் கேட்காதீர்கள் என்றார். இரண்டாம் தடவை கேட்டதற்கும் அதே பதில். மூன்றாம் தடவை விடாமல் கேட்டபோது சொன்னார்: ஜனங்களிடம் ஆசையும் வெறுப்பும் மயக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன, கூத்தன் அவற்றை இன்னும் கிளறிவிடுகிறான், தானும் மயங்கிப் பிறரையும் மயக்குகிறான், அவன் போவது 'சிரிப்பு' என்ற பெயர் கொண்ட நரகத்துக்கு. தாலபுடர் அழுதுவிட்டார். நீங்கள் சொன்னதற்காக அழவில்லை, அந்த ஆசான்கள் என்னை இத்தனை காலம் ஏமாற்றிவிட்டார்களே என்று அழுகிறேன் என்றார். பிறகு துறவியாகி, ஆசை முழுதும் அற்ற அரகந்தர் நிலையையும் அடைந்தார்.

நரகம் பற்றிய பகுதியை நான் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிப்பவள். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'மெய்யும் பொய்யும் கலந்து' என்கிற இடம். பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் அது ஒரே சொல், சச்சாலிகம். ரியாலிட்டி ஷோவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. சீரியலில் வில்லி கெடுதல் செய்தால் திட்டிவிட்டு விளம்பரம் வந்ததும் மறந்துவிடுகிறோம், நடிப்பு என்று தெரியும். செய்தியில் நிஜமாகவே யாரோ அழுதால் வாய்விட்டுக் கரித்துக்கொட்டக் கூச்சமாக இருக்கும். இந்தக் கலவையில் மட்டும்தான், நடந்தது நிஜம் என்பதால் கோபம் நிஜமாக வருகிறது, ஷோதானே என்பதால் கோபப்பட வெட்கமும் வருவதில்லை. உங்களுக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இதை நான் பெரிய ஞானி மாதிரி எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சீசனில் எனக்கும் ஒருத்தி வாய்த்தாள். அந்தப் பெண் தன் தட்டை மட்டும் கழுவி, கையை உதறிவிட்டு, அடிப்பிடித்த வாணலியை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான். முறுக்கை வாய்க்குக் கொண்டுபோன என் கை பாதியில் நின்றுவிட்டது, தாடை இறுகிவிட்டது. துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கிற சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளைப் பௌத்தம் நிதானங்கள் என்கிறது; மணிமேகலையில் அவற்றுக்கு அழகான தமிழ்ப் பெயர்கள் உண்டு, அவற்றில் நடுவே வரிசையாக வருபவை ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண்ணில் வாணலி பட்டது ஊறு. 'சே' என்று ஒரு கசப்பு வந்தது நுகர்வு. இவள் இந்த வாரமே வெளியே போக வேண்டும் என்பது வேட்கை. அக்கா தங்கைகளின் வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பற்றி நாலு வரி எழுதி, எதிர்த்துப் பேசிய சித்தி மகளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேனே, அது பற்று. பற்றுக்குப் பிறகு பவம், அதாவது ஒன்றாக ஆகிக்கொண்டிருப்பது, அப்புறம் தோற்றம், அதாவது பிறப்பு. அன்று நள்ளிரவு அங் மோ கியோவில் ஒரு சோபாவில் புதிதாக ஒருத்தி பிறந்துவிட்டாள், சென்னையில் இருக்கிற, என் முகத்தையே பார்த்திராத ஒரு பெண்ணின் ஜென்ம எதிரியாக.

ஊறும் நுகர்வும் வருவதை நாம் தடுக்க முடியாது. நுகர்விலிருந்து வேட்கைக்கு வண்டி மாறுகிற இடத்தில்தான் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்பது பௌத்தர்களின் பழைய கணக்கு. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சண்டை சூடுபிடிக்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டே நிமிடம். யாரை வெறுக்க வேண்டும், யாருக்காக உருக வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பின்னணி இசை. அது போய்விட்டால் திரையில் மிஞ்சுவது, வீட்டை விட்டு வந்து ரொம்ப நாளான, சரியாகத் தூங்காத இரண்டு பேர் கையை ஆட்டுவதுதான். மாமியார் "சத்தத்தைக் கூட்டு" என்பார். கூட்டிவிடுங்கள், அதற்காக அவரோடு சண்டை வேண்டாம். அவரோடு உட்கார்ந்து பார்ப்பதை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன், நீங்களும் உள்ளே போய்விட்டால் அந்த ராத்திரியில் அவர் யாரோடு பேசுவார்?

ஒன்று மட்டும். துறவிகள் தவிர்க்க வேண்டிய வெட்டிப் பேச்சுகளுக்குப் பாலி நூல்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. ராஜாக்கள், திருடர்கள், சோறு, துணிமணி, ஊர், தெரு என்று போகிற அந்தப் பட்டியலில் 'குடத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்துப் பேச்சு' என்றும் ஒன்று உண்டு. நம் குழாயடிப் பேச்சேதான். காலை எம்ஆர்டியில் தோழியிடம் முந்தின நாள் எபிசோடைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரம் இருந்து பாருங்கள். படுக்கையில் நடக்கிற வாக்குவாதத்துக்குப் பாதித் தீனி அங்கிருந்துதான் போகிறது.

கேள்வி: வணக்கம். இதெல்லாம் எடிட் பண்ணி, ஸ்கிரிப்ட் எழுதி எடுக்கிற நிகழ்ச்சி. என் அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். பொய்யான ஒன்றுக்கு எதற்குத் தத்துவம்?
தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி, செங்காங்

பதில்: தம்பி, அம்மா நம்புகிற அளவுக்கு அது உண்மையும் இல்லை, நீங்கள் சொல்கிற அளவுக்குப் பொய்யும் இல்லை. 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொடங்கியதிலிருந்து, 2017இல் கமல்ஹாசன் தமிழில் தொகுத்து வழங்க ஆரம்பித்தது வரை சூத்திரம் ஒன்றுதான்: ஆட்களை ஒரு வீட்டுக்குள் அடைத்து, கடிகாரத்தையும் கைப்பேசியையும் பிடுங்கிவிட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் படம் பிடித்து, அதிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தை நறுக்கிக் காட்டுவது. வசனம் எழுதிக் கொடுக்கவே வேண்டாம். இருபத்து மூன்று மணி நேரத்தைத் தூக்கி எறிகிற உரிமை கையில் இருந்தால், யாரை வேண்டுமானாலும் யாராக வேண்டுமானாலும் காட்டலாம்.

மணிமேகலையில் உவவனம் என்ற பூந்தோட்டத்துக்குள் ஒரு பளிக்கறை மண்டபம் இருக்கிறது. பளிங்கால் ஆன அறை. "விளிப்பறை போகாது மெய்புறத்து இடூஉம்" என்று சாத்தனார் அதை வருணிக்கிறார், அதாவது உள்ளே இருப்பவரின் குரல் வெளியே போகாது, உருவம் மட்டும் வெளியே தெரியும். மணிமேகலை அதற்குள் இருக்கிறாள், இளவரசன் உதயகுமரன் வெளியே நின்று அந்த உருவத்தைப் பார்த்து உருகுகிறான். அவள் உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தது எல்லாம் பளிங்கு காட்டியது. இத்தனை நூற்றாண்டு பழைய காப்பியத்தில் பிக் பாஸ் வீட்டைக் கட்டி வைத்திருக்கிறாரே என்று முதல் தடவை இந்தக் கோணத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்திர விழாவுக்கு மணிமேகலை ஆட வரவில்லை என்று ஊரே வம்பு பேசியதற்கு ஒரு தனிக் காதையே உண்டு, 'ஊரலர் உரைத்த காதை' என்று. விழா இருபத்தெட்டு நாள். நம்முடையது நூறு நாள், அலரும் அதற்கேற்ற மாதிரி.

பொய்யான ஒன்றுக்கு எதற்குத் தத்துவம் என்றீர்கள். நாகசேனர் என்ற துறவி மிலிந்த மன்னனிடம் கேட்டது நினைவுக்கு வருகிறது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகத்தடி தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது 'தேர்' என்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறோம், ஆளும் அப்படித்தான் என்றார். ஓர் எடிட்டர் ஓர் அழுகை, ஒரு முறைப்பு, அடுப்படியில் ஒரு பேச்சு இவற்றைச் சேர்த்து ஒட்டி 'திமிர் பிடித்தவள்' என்று ஒரு ஆளை நமக்குச் செய்து கொடுக்கிறார். அது நம் கண்ணெதிரே நடக்கிறது. இதே வேலையை முகாமில் உங்கள் சார்ஜன்ட்டைப் பற்றி நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள், மூன்று சம்பவங்களை வைத்து முழு மனுஷனைக் கட்டியிருப்பீர்கள். நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கிற படமும் வெட்டி ஒட்டியதுதான், அதில் தோற்ற காட்சிகளைத் தூக்கிவிட்டிருப்போம், அல்லது சிலர் மாதிரி தோற்ற காட்சிகளை மட்டும் வைத்திருப்போம். அம்மாவிடம் "எல்லாம் பொய்" என்று சொல்லி வாதாடாதீர்கள். "அம்மா, மீதி இருபத்து மூன்று மணி நேரம் இவர் என்ன செய்திருப்பார்?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அம்மாக்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே வரும், அவர்களின் நாளில் யாரும் பார்க்காத மணி நேரம்தான் அதிகம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் இரண்டாம் சுற்றில் வெளியேறிவிட்டாள். அழுததைக்கூட ஒளிபரப்பினார்கள். யாரோ இணையத்தில் "குரல் சுமார்" என்று எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி அழுதாள். அடுத்த வருடமும் போவேன் என்கிறாள், மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். அடுத்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வேறு. நாங்கள் பௌத்தர்கள் இல்லை, ஆனாலும் உங்கள் கருத்து?
ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: தேர்வைப் பற்றி உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும், ஐயா. நான் அந்தப் பக்கம் வரவில்லை.

பாடுவதையே பௌத்தம் தப்பு என்கிறதோ என்று பயப்படாதீர்கள். பஞ்சசிகன் என்கிற கந்தர்வன் யாழோடு புத்தர் முன்னால் வந்து பாடுகிறான், பாடியதும் பக்திப் பாட்டில்லை, தான் விரும்பிய பெண்ணை நினைத்து எழுதிய காதல் பாட்டு. புத்தர் கேட்டுவிட்டு, உன் யாழும் குரலும் ஒன்றோடொன்று அழகாக இழைகின்றன என்று பாராட்டினார். எந்த நடுவரும் அதற்கு மேல் சொல்ல முடியாது. இன்னொரு இடத்தில், துறவிகள் தர்மத்தை ராகம் இழுத்துப் பாடினால் வருகிற ஐந்து கேடுகளைச் சொல்லும்போது, முதலாவதாக அவர் வைத்தது தன் குரலில் தானே மயங்குவது. உங்கள் மகளுக்குப் பதினொரு வயதில் அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை, இரண்டாம் சுற்றில் போய்விட்டாளே.

அந்த இணைய விமர்சனத்துக்கு வருகிறேன். அதுலன் என்று ஒரு இல்லறத்தான், தன் கூட்டத்தோடு உபதேசம் கேட்கக் கிளம்பினான். புத்தரின் சீடர்களில் முதலில் ரேவதரிடம் போனான், அவர் பேசவே இல்லை, கோபம் வந்துவிட்டது. சாரிபுத்தரிடம் போனான், அவர் நீளமாகப் பேசினார், அதற்கும் கோபம். ஆனந்தர் சுருக்கமாகப் பேசினார், அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் புத்தரிடம் வந்து மூவரைப் பற்றியும் புகார் வாசித்தான். அவர் சொன்னார், இது இன்று நேற்று வந்ததில்லை அதுலா, பேசாதிருப்பவனையும் பழிக்கிறார்கள், அதிகம் பேசுபவனையும் பழிக்கிறார்கள், அளவாகப் பேசுபவனையும் பழிக்கிறார்கள், பழிக்கப்படாதவன் உலகத்தில் இல்லை. இந்த அதுலன்தான் இப்போது கமெண்ட் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார். மகளிடம் இந்தக் கதையைக் கதையாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கும்.

லாபம், நட்டம், புகழ், புகழின்மை, பழிப்பு, பாராட்டு, இன்பம், துன்பம் என்று எட்டு உலகத் தர்மங்களைப் பௌத்தம் சொல்கிறது. பாட்டுப் போட்டியில் இரண்டே வாரத்தில் எட்டும் ஒரு பிள்ளைக்கு வந்துபோய்விடுகின்றன, பெரியவர்களுக்கே அது தாங்காது. ஆகவே என் கருத்து: பாடட்டும், ஆனால் அடுத்த வருடம் வேண்டாம், அதற்கடுத்த வருடம் அவளே கேட்டால் போகட்டும். அழுகையை ஒளிபரப்புவார்களா என்று கையெழுத்துப் போடும் முன் நீங்கள் கேளுங்கள், ஒளிபரப்புவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். டாக்சியில் வீடு திரும்பும்போது "பரவாயில்லைம்மா, நீதான் நன்றாகப் பாடினாய்" என்று சொல்லியிருப்பீர்கள், எல்லா அப்பாவும் சொல்வார்கள். அடுத்த தடவை, "மற்றவர்கள் பாடியதில் உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் நன்றாகச் செய்ததில் சந்தோஷப்படுவதற்கு முதிதை என்று பெயர். அந்த வயதில் கொஞ்சம் இடம் கொடுத்தால் தானாகவே வரும், நமக்குத்தான் வருவதில்லை.

கேள்வி: அக்கா, புத்தரே பிக் பாஸ் வீட்டுக்குள் போயிருந்தால் ஜெயித்திருப்பாரா?
குசும்புக்காரன், தேக்கா

பதில்: குசும்பாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இதற்கு ஆதாரத்தோடு பதில் இருக்கிறது. கோசாம்பி நகரத்தில் ஒரு விகாரை, அதில் இரண்டு கோஷ்டித் துறவிகள். சண்டை எதில் ஆரம்பித்தது தெரியுமா? கழிவறைப் பாத்திரத்தில் ஒருவர் தண்ணீரை மிச்சம் விட்டுவிட்டு வந்துவிட்டார், அது குற்றமா இல்லையா என்பதில். உரைநூல்கள் இப்படித்தான் சொல்கின்றன. ஒரு கோஷ்டி அவரை விலக்கிவைத்தது, மற்றொன்று ஏற்கவில்லை, கைகலப்பு வரை போனது. பாத்ரூம் சண்டை, கோஷ்டி, விலக்கல், எல்லாம் வரிசையாக இருக்கிறது பாருங்கள். புத்தர் நேரில் வந்து சமாதானம் சொன்னார். அவர்களோ, நீங்கள் பேசாமல் தியானத்தில் இருங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். புத்தர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் பாரிலேயக வனத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு யானை தும்பிக்கையால் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. இங்கே கோசாம்பி மக்கள், இவர்களால்தான் புத்தர் போய்விட்டார் என்று அந்தத் துறவிகளுக்கு வணக்கமும் சோறும் போடுவதை நிறுத்திவிட்டார்கள். வயிறு காய்ந்ததும் இரண்டு கோஷ்டியும் சமாதானமாகி மன்னிப்புக் கேட்கப் போனது.

ஆகவே ஜெயித்திருக்க மாட்டார். சண்டை முற்றுகிற வாரத்தில் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பார், ஒப்பந்தத்தை மீறியதற்கு அபராதம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கும், கட்டுவதற்கு அவரிடம் அந்தப் பாத்திரம்தான் இருந்திருக்கும்.